சுகமாக வீடு திரும்பினார்

1944 பிப்ரவரி 8, செவ்வாய். அரியலூர்

இன்று காலை நாலு பேருக்கு ஊசி. மூன்றாவது ஆளான அமிர்தலிங்கம் என் வலது கையைக் கடித்துவிட்டார். கட்டை விரலுக்குக் கீழே ரெண்டு பல் நன்றாக இறங்கியிருக்கிறது. டிங்சர் போட்டுக் கட்டிக்கொண்டு நாலாவது ஆளையும் பிடித்தேன். எழுத்து கோணலாக வருவதற்கு அதுதான் காரணம்.

தப்பு வார்டு ஆள் சின்னப்பிள்ளையுடையது. மருந்து நரம்பில் ஏறியதும் பத்து எண்ணுவதற்குள் ஆள் இருமுவார், முகம் வெளுத்துப்போகும், ஒரு அலறல் போடுவார், வாய் தானாக அகலத் திறக்கும். அப்போதே துணி சுற்றிய கட்டையைப் பல்லுக்கு நடுவில் கொடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் அவரைத் தலைமாட்டில் நிறுத்தியிருக்கிறது. அவரோ கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பார்த்தபடி நின்றார். நாக்கு துண்டாகிவிடுமே என்று நான் கையை நீட்டினேன். பிறகு அவரை நான் திட்டிய திட்டில் பெண்கள் வார்டில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

என் இடம் இடுப்பு. இந்த ஆஸ்பத்திரியில் என்னைவிடக் கனமான ஆள் கிடையாது என்பதால் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி என்னை அங்கே போட்டார். வலிப்பு வரும்போது உடம்பு தலையிலும் குதிகாலிலும் மட்டும் நின்று மேலே தூக்கும். இடுப்பை அழுத்தி வைக்காவிட்டால் எலும்பு முறியும். அழுத்தி வைத்தாலும் சில சமயம் முறிகிறது.

சண்டைக்கு முன்னால் வலிப்பை வரவழைக்கும் இந்த மருந்து ஜெர்மனியிலிருந்து வந்ததாம். இப்போது வருவதில்லை. அதற்குப் பதிலாக மதராஸில் ஒரு கம்பெனி தானே ஒன்றைச் செய்து, பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் போட்ட குப்பிகளில் எங்களுக்கு இலவசமாக அனுப்புகிறது. வலிப்பு வந்து போனால் புத்தி தெளியுமாம். சிலருக்குத் தெளிந்ததையும் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டாக்டர் இன்றும் கேட்டார். "தெரசம்மா, உன் தம்பிக்கு எப்ப ஆரம்பிக்கலாம்?" பார்க்கலாம் சார் என்றேன். ஒரு வருஷமாக இதே பதில்.

பிப்ரவரி 9, புதன்

கை வீங்கிவிட்டது. சின்னப்பிள்ளையோடு பேசவில்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்து தம்பி சூசையைப் பார்த்தேன். தனி அறையில் சுவர் மூலையில் குந்தியிருந்தான். ரங்கூனில் அச்சாபீஸ் வேலைக்குப் போனவன். நாற்பத்திரண்டில் குண்டு விழுந்தபோது காடு வழியாக நடந்தே வந்து சேர்ந்தான். கூட நடந்தவர்களில் எத்தனை பேரை வழியில் விட்டுவிட்டு வந்தான் என்று இன்றுவரைக்கும் சொல்லவில்லை. அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு வரதராசன்பேட்டையில் பையன்கள் வெடி கொளுத்தினார்கள். குண்டு விழுகிறது என்று அம்மாவை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே படுத்துக்கொண்டு எழுந்திருக்க விடவில்லை. அம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. அம்மாவைக் காப்பாற்றுவதாகத்தான் அவன் எண்ணம்.

இன்று என்னைப் பார்த்து, "மேல பாத்தியா, மூணு வருது" என்றான். மேலே ஓடுதான் இருந்தது.

பிப்ரவரி 21, திங்கள்

வெள்ளிக்கிழமை அமிர்தலிங்கத்துக்கு ஆறாவது ஊசி. நான் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தியிருந்தேன். அப்படியும் என் உள்ளங்கைக்கு அடியிலேயே சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தம். வலிப்பு நின்ற பிறகு கால் ரெண்டும் அவருடையது இல்லை என்று ஆகிவிட்டது. குத்தினாலும் தெரியவில்லை. நேற்றிலிருந்து நூற்று நாலு காய்ச்சல், மூச்சு வாங்குகிறது.

இன்று ரஞ்சன்குடியிலிருந்து அவர் சம்சாரம் ஜானகியும் தம்பி ஆண்டவரும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆண்டவர் என்னிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "மூச்சு இருக்கறப்பவே ஊருக்குள்ள கொண்டு போயிடணும்மா. வெளியில செத்த பொணத்த எல்லைக்குள்ள விட மாட்டாங்க. இப்ப வாந்திபேதி வேற. படுத்துக்கிட்டு வர்ற ஆளப் பாத்தாலே தலையாரி வண்டிய நிறுத்திடுறான். சொகமா இருக்காருன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். 'அமிர்தலிங்கம், வயது 38, ரஞ்சன்குடி. சிகிச்சை முடிந்து சுகமாக வீடு திரும்பினார்.' இது எத்தனையாவது சீட்டு என்று எண்ணவில்லை. இந்து, கிறிஸ்தவர் என்று கிடையாது, எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் ஆட்கள் சாகுமுன் சாமியார் கையால் எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் வாங்க வேண்டும் என்பார்கள். சாகப்போகிற மனுஷன் தன் வீட்டில் சாகட்டும் என்று நானும் எழுதிவிடுவேன். ஒரு சொல்லில் என்ன நஷ்டம்?

சீட்டுப் புத்தகம் கம்பெனி ஏஜெண்டு குருநாதன் கொடுத்தது. நடுவில் கார்பன் தாள். மேல் தாளைக் கிழித்து வீட்டுக்காரர்களிடம் கொடுக்க வேண்டும். கீழ்த் தாள் நோயாளியின் கார்டில் ஒட்டி மதராஸுக்குப் போகும். ரெண்டு தடவை எழுதுகிற வேலை மிச்சம் என்று நான்தான் அவருக்கு நன்றி சொன்னேன்.

மார்ச் 14, செவ்வாய்

குருநாதன் வந்திருந்தார். மாதம் ஒருமுறை வருவார். பட்டுக்கரை வேட்டி, கையில் தோல் பை, டாக்டருக்கு ஒரு டின் பிஸ்கோத்து. இந்தத் தடவை ஒரு வைத்தியப் பத்திரிகையும் கொண்டுவந்தார். அதில் டாக்டர் பெயரில் நாலு பக்கக் கட்டுரை. எழுதியது கம்பெனி என்பது டாக்டர் அதைப் புதிதாகப் படிப்பதுபோல் படித்ததிலேயே தெரிந்தது. போன டிசம்பர் வரைக்கும் இருபத்தாறு பேருக்கு ஊசி போட்டதில் பத்தொன்பது பேர் சுகமாக வீடு திரும்பினார்களாம்.

பத்தொன்பதா? எனக்கு அவ்வளவு பேர் ஞாபகத்துக்கு வரவில்லையே. குருநாதனிடமே கேட்டேன். "படுத்துக்கிட்டுப் போனவங்களும் இதுல சேத்தியா?"

"வூட்டுக்குப் போனப்பறம் தெளிஞ்சவங்க நெறையப் பேரு நர்ஸம்மா."

"விசாரிச்சீங்களா?"

"விசாரிக்காம அச்சடிப்பாங்களா?"

நான் நம்பினேன் என்று எழுதுவதா, நம்ப ஆசைப்பட்டேன் என்று எழுதுவதா? சூசை அந்த அறைக்குள் வந்து ஒரு வருஷம் ஆகிறது.

மார்ச் 19, ஞாயிறு

இன்று சூசையப்பர் திருநாள். தம்பிக்கு நாமவிழா. அம்மா வரதராசன்பேட்டையிலிருந்து கொழுக்கட்டையோடு வந்திருந்தாள்.

பத்து மணிக்கு ஒரு விமானம் தாழப் பறந்தது. திருச்சிப் பக்கம் போகிறது போலும். அந்த நேரம் சூசையின் அறைக்குள் சின்னப்பிள்ளை தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நான் ஓடியபோது அவரைக் கீழே தள்ளி, ஒரு கையால் கழுத்தைப் பிடித்து, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சத்தம் போடாத, கேட்டுடும், கேட்டுடும்" என்கிறான். சின்னப்பிள்ளையின் கண் மேலே சொருகிவிட்டது. நான் பிடித்து இழுத்தேன். என் பாரத்துக்கும் அவன் அசையவில்லை. கடிபட்ட நாளிலிருந்து நானே முந்தானையில் சொருகிவைத்திருந்த வாய்க்கட்டையை எடுத்து அவன் தலையில் அடித்தேன். ஒன்று இல்லை, மூன்று அடி. மூன்றாவது அடியில்தான் கை விட்டது. காதோரம் ரத்தம் ஒழுக என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீயுமாக்கா?" என்றான்.

அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். குருநாதனும் டாக்டரும் அவளிடம் ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள். "பத்தொம்பது பேரு சொகமா போயிருக்காங்களாம். ஊராம் புள்ளைங்களுக்கெல்லாம் இடுப்ப அமுக்கிப் புடிக்கிற. நீ பொறந்த வயித்துல பொறந்தவனுக்கு மட்டும் எதுக்குடி வேணாங்கிற? அடிச்சே கொல்லப் பாக்குறியா?"

சாயங்காலம் டாக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 24, வெள்ளி

முதல் ஊசி.

வேறு யாரையாவது இடுப்பில் போடட்டுமா என்று டாக்டர் கேட்டார். என்னைவிட ஒழுங்காக யார் பிடிப்பார்கள், நானே இருக்கிறேன் என்றேன். கட்டிலில் படுக்கவைத்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் அலறுவதை ஒரு வருஷமாகச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டுக்கொண்டு இருந்தவன். "அக்கா, நான் நடந்துடறேன்க்கா. கால் வலிக்கலக்கா. என்ன விட்டுட்டுப் போயிடாத, நான் நடந்துடறேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். மருந்து ஏறிவிட்டது. இருமினான். முகம் வெளுத்தது. அவன் கண்ணில் வந்த பயத்தை நான் எந்த மிருகத்தின் கண்ணிலும் பார்த்ததில்லை. பிறகு அவன் இல்லை, உடம்பு மட்டும் என் கைக்கு அடியில் குதித்தது. அடிவயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுத்தினேன். ஒரு நிமிஷம். எலும்பு எதுவும் உடையவில்லை.

வாய்க்கட்டையைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போனேன்.

மார்ச் 28, செவ்வாய்

ரெண்டாவது ஊசி. ஊசியைப் பார்த்ததும் மூத்திரம் போய்விட்டான். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 31, வெள்ளி

இன்று சூசை தானாகச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "அம்மா கை சரியாயிடுச்சா? நான்தான் ஒடச்சிட்டேன்" என்றான். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் பேச்சில் ஒரு இடமும் ஆகாயத்தைப் பற்றி வரவில்லை. சந்தோஷத்தில் சின்னப்பிள்ளைக்கே ஒரு ரூபாய் கொடுத்தேன். அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன், உயிர்த்தெழுந்த திருநாள் சமயத்தில் வந்து பார் என்று. டாக்டர் மொத்தம் பத்து ஊசி என்கிறார். அடுத்தது திருநாள் கழிந்து பதினோராந் தேதி, நான் இருக்கும்போது.

ஏப்ரல் 3, திங்கள்

இன்று வாசலிலேயே எனக்கு அறை விழுந்தது. ஒன்றல்ல. கொண்டையைப் பிடித்து இழுத்துத் தூணில் மோதினாள். பல்லில் ரத்தம். ஆள் யாரென்று எனக்கு முதலில் தெரியவில்லை, தாலி இல்லாத கழுத்தும் வெறும் நெற்றியுமாக இருந்ததால். ஜானகி. ரஞ்சன்குடி அமிர்தலிங்கத்தின் சம்சாரம்.

சின்னப்பிள்ளை விலக்க வந்தார். விடுங்கள், அடிக்கட்டும் என்றேன். அடித்து ஓய்ந்ததும் உட்கார்ந்து சொன்னாள்.

"ஊருக்குள்ள போன மூணாம் மணி நேரம் செத்துட்டாரு. நீ எழுதிக் குடுத்த சீட்ட என் கொழுந்தன் பத்தரமா வச்சிருக்கான். சொகமா வந்தவன நீதான்டி கவனிக்காம கொன்னுட்டேன்னு மாமியா என்ன வெளக்கமாத்தால அடிக்கிறா. ஊர்ல யாரும் எனக்குப் பரிஞ்சு பேசல. சீட்டுல சொகம்னு இருக்கே. அதையே பாத்துட்டு பக்கத்து வூட்டுக்காரன் பேய் புடிச்ச தன் பொண்ண இங்க கூட்டியாரப் போறான். வேணாம்யான்னு சொன்னா என் மூஞ்சில துப்புறான்."

ரவிக்கையைத் தளர்த்தி முதுகைக் காட்டினாள். நான் அந்த முதுகைப் பார்த்தபடி நின்றேன். அந்த வரியை எழுதியது நான். அதைக் கொண்டு அவளை அடித்திருக்கிறார்கள்.

அவள் போன பிறகு அலமாரியைத் திறந்து, வார்டு நோட்டிலிருந்து அந்தப் பத்தொன்பது பேரின் பெயரை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவரும் எப்படி வாசலைத் தாண்டினார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நடந்து போனவர்கள் ஆறு பேர். மற்ற பதின்மூன்று பேரையும் வண்டியில் தூக்கித்தான் போட்டோம். தலைப்பக்கத்தை நானே பிடித்திருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று இனிமேல் யாரிடம் சொல்ல?

ஆனால் சூசை தெளிந்திருக்கிறானே. அதுவும் பொய்யில்லையே.

அந்த வீடுகளைப் போய்ப் பார்த்துவிட வேண்டும். திருநாள் லீவு கேட்டேன். ஊருக்குப் போகிறேன் என்றுதான் டாக்டரிடம் சொன்னேன்.

ஏப்ரல் 5, புதன். பெரம்பலூர்

கரிப் புகையில் ஓடுகிற பஸ். ரெண்டு இடத்தில் நின்று, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பெரம்பலூரைச் சுற்றி நாலு வீடு பார்த்தேன். மூன்று சாவு. மூன்றும் போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள். நாலாவது ஆள் இருக்கிறார், கயிற்றுக் கட்டிலில், இடுப்புக்குக் கீழே புண். ஈ ஓட்டுவதற்கு ஒரு பிள்ளையை உட்கார வைத்திருக்கிறார்கள்.

யாரிடமும் கம்பெனி ஆள் வந்து விசாரித்ததில்லை. ஒரே ஒரு வீட்டில்கூட இல்லை. ஒரு பெரியவர் சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். "மகன் சொகமாத்தான் வந்தான், எங்க தலவிதி" என்று எனக்கே மோர் கொடுத்தார்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

மூன்று வீடு. ரெண்டு சாவு. ஒருவர் பழையபடியே, மாட்டுக் கொட்டகையில் தூணோடு சங்கிலி.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி. உடையார்பாளையம்

உபவாசத்தோடு நடந்ததில் தலை சுற்றுகிறது. இன்று கமலவேணி வீடு. நடந்து போன ஆறு பேரில் ஒருத்தி. ஒன்பது ஊசி வாங்கியவள். வாசலில் உலக்கை போட்டு நெல் குத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியோடு ஏதோ சொல்லிச் சிரித்தாள். உண்மையாகவே தெளிந்தவள். ஒன்றாவது இருக்கிறதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கமலவேணி என்று கூப்பிட்டேன்.

என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த உலக்கையை அப்படியே என் மேல் எறிந்தாள். தோளில் பட்டது, தலையில் பட்டிருந்தால் இதை எழுத ஆள் இல்லை. உரலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, "அமுக்குறவ வந்துட்டா, அமுக்குறவ வந்துட்டா" என்று கத்தினாள். அவள் புருஷன் அரிவாளோடு வந்தான். "நல்லாருக்கறவள மறுக்கா பைத்தியமாக்கவா வந்த? போயிடு."

தோள் தூக்க முடியவில்லை. சூசைக்கு இனி ஊசி கிடையாது. நாளை போய்ச் சொல்லிவிடுவேன். தெளிந்த வரைக்கும் போதும்.

ஏப்ரல் 8, சனி. அரியலூர்

போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமையே போட்டுவிட்டார்கள். நான் கொட்டகையில் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என் தம்பிக்கு இங்கே மூன்றாவது ஊசி.

குருநாதன் புதன்கிழமை வந்திருக்கிறான். லீவுக்கு முன்னால் கார்டுகளை முடித்து எடுத்துப்போக வேண்டுமாம். வியாழக்கிழமை என்ன, பதினோராந் தேதி என்ன என்று டாக்டரும் தலையாட்டியிருக்கிறார். இடுப்பில் சின்னப்பிள்ளையைப் போட்டிருக்கிறார்கள். அந்த மனுஷன் ஒரு சாக்குப் பையின் பாரம்கூட இருக்க மாட்டார். தூக்கி எறிந்திருக்கிறது. ரெண்டு தொடை எலும்பும் மேலே முறிந்துவிட்டது. நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. நெஞ்சில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. எனக்குத் தெரியும் இது எங்கே போய் முடியும் என்று. பார்த்திருக்கிறேனே.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தெளிந்த மகனைப் பார்க்க வந்தவள்.

டாக்டர் அறைக்குப் போனேன். குருநாதனும் அங்கேதான் இருந்தான். எட்டு வீட்டுக் கணக்கைச் சொன்னேன். விசாரித்தோம் என்று சொன்னாயே என்று கேட்டேன்.

"கார்டுல இருக்கறதுதான் அச்சுல இருக்கு. ஒரு எழுத்துகூட நாங்க மாத்தல. சீட்டெல்லாம் உங்க கையெழுத்து. அதவிட வேற என்ன விசாரணை வேணும் நர்ஸம்மா?"

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். அதனால்தான் எனக்குக் கண் இருட்டியது. மேஜையில் கிடந்த வாய்க்கட்டையை எடுத்து அவன் வாயிலேயே அடித்தேன். முன்பல் ஒன்று மேஜையில் விழுந்தது. டாக்டர் என் முடியைப் பிடித்தார், அவரையும் தள்ளினேன். மருந்துப் பெட்டியைத் தூக்கித் தரையில் போட்டு மிதித்தேன். குப்பி குப்பியாக மிதித்தேன். செருப்பு கிழிந்து காலில் கண்ணாடி ஏறியது. வலிக்கவில்லை.

குருநாதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கார்டுக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே ஓடினான். பல்லைக்கூட எடுக்கவில்லை, கார்டை விடவில்லை.

டாக்டர் கதவைச் சாத்தினார். பிறகு, "நீ இல்லாம போட்டிருக்கக் கூடாது. வேலைக்கு இனிமே வராத. தம்பியக் கூட்டிட்டுப் போ" என்றார். சீட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 10, திங்கள். வரதராசன்பேட்டை

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து, உண்மையைத்தான் எழுத ஆரம்பித்தேன். 'ஊசி போட்டதில் தொடை எலும்பு இரண்டும் முறிந்து, பிழைக்க வழியில்லாத நிலையில்' என்பதுவரை எழுதினேன். அம்மா என் கையைப் பிடித்தாள். உடைந்து கூடிய அந்தக் கை. "எல்லையில நிறுத்திடுவாங்கடி. வாந்திபேதின்னு ஆண்டிமடத்துக்காரங்களையே போன வாரம் திருப்பி அனுப்புனாங்க. எம்புள்ள ரோட்டுல சாவணுமா? பர்மாவுல சாவாம நடந்து வந்தவன்டி. சொகம்னு எழுது. ஊருக்கெல்லாம் எழுதினியே, இவனுக்கு எழுத மாட்டியா?"

சூசை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "வூட்டுக்குத்தானேக்கா?" என்றான்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அடுத்த தாளில் எழுதினேன்: 'மரியசூசை, வயது 27, வரதராசன்பேட்டை. சிகிச்சை முடிந்து சுகமாக வீடு திரும்பினார்.' டாக்டர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு விடியுமுன் கிளம்பி, சாயங்காலம் ஊர் எல்லை. தலையாரி சீட்டைப் படித்தான். வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்தது, தெரியாததுபோல வழியை விட்டான். சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். இன்று காலை ஆறரை மணிக்கு, தன் வீட்டில், தன் பாயில், அம்மா மடியில் தலை வைத்துச் செத்தான். கடைசி ஒரு மணி நேரம் அவனுடைய கால் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. முறிந்த காலால் நடந்துகொண்டு இருந்தான்.

என் கையை நான் வெட்டிப் போட வேண்டும். எந்தக் கையை என்றுதான் தெரியவில்லை. அமுக்கின கையும் எழுதின கையும் ஒன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 30, ஞாயிறு

வேலை இல்லாததால் மீதி வீடுகளையும் நடந்து முடித்தேன். ரெண்டு ஊரில் கல்லால் அடித்தார்கள். பத்தொன்பது பேரில் பன்னிரண்டு பேர் இறந்துபோனார்கள். மூன்று பேர் எழுந்து நடக்க முடியாதவர்கள். ரெண்டு பேர் முன்பு போலவே. தெளிந்தவர்கள் ரெண்டு பேர்.

ஊர், பெயர், இறந்த தேதி, சாட்சிக்கு ஊர் முன்சீப்பு பெயர் எல்லாம் போட்டு, அந்த வைத்தியப் பத்திரிகையின் ஆசிரியருக்கு இங்கிலீஷில் ஆறு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 'சுகமாக' என்று எழுதியது நானே, ஏன் எழுதினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

மே 21, ஞாயிறு

பதில் இல்லை. அம்மா தினமும் கல்லறைக்குப் போகிறாள். அவன் நம் கல்லறையில் கிடக்கிறானே என்று என்னிடம் ஆறுதலாகச் சொல்கிறாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. பிறகு அவள் சொல்வது சரி என்றும் இருக்கிறது.

ஜூன் 15, வியாழன்

பதில் வந்துவிட்டது. பாதிப் பக்கம். மரியாதையான இங்கிலீஷ்.

என் கடிதத்தைக் கம்பெனிக்கு அனுப்பி விளக்கம் கேட்டார்களாம். கம்பெனி எல்லாக் கார்டுகளையும் பார்வைக்கு அனுப்பியதாம். எல்லாவற்றிலும் என் கையெழுத்தே இருக்கிறதாம். அதோடு — 'தாங்கள் கூறும் முறைகேடு குறித்துத் தாங்கள் எட்டு வீடுகளில் விசாரித்து முடித்ததாகச் சொல்லும் நாளுக்கு மறுநாள், தங்கள் சொந்தத் தம்பியே சுகமாக வீடு திரும்பியதாகத் தாங்கள் எழுதிய சீட்டும் அவற்றில் உள்ளது. இந்நிலையில் தங்கள் கடிதத்தை வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்.'

கீழ்த் தாள். குருநாதன் ஓடிவிட்டான், ஆனால் கையெழுத்துக்காக நான் திருப்பி வைத்த புத்தகம் டாக்டர் மேஜையிலேயே இருந்தது. பிறகு ஆள் அனுப்பி வாங்கியிருக்கிறான். கார்பனை உருவிவிட்டு எழுதியிருந்தால் போதும். அம்மாவுக்குச் சீட்டும் கிடைத்திருக்கும், கம்பெனிக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. எனக்குத் தோன்றவேயில்லை. என் தம்பி இப்போது அவர்களுடைய சுகமான ஆட்களில் ஒருவன். அடுத்த கட்டுரையில் வருவான்.

கடிதத்தைச் சுவரில் வைத்துத் தலையால் முட்டினேன். அம்மா வந்து பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 26, திங்கள். அரியலூர்

ஜானகி வீட்டை விட்டு வந்துவிட்டாள். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில், புளியமரத்துப் பக்கம், ஒரு குடிசை பிடித்திருக்கிறோம். இட்டிலி விற்கிறோம். வண்டி வந்தால் நிறுத்துகிறோம். யாரும் கேட்பதில்லை. அவளைப் புருஷனைக் கொன்றவள் என்கிறார்கள், என்னை வேலை போன ஆத்திரக்காரி என்கிறார்கள். சனிக்கிழமை ஆஸ்பத்திரி ஆட்கள் ரெண்டு பேர் வந்து இட்டிலிப் பானையை உடைத்து ஜானகியை உதைத்தார்கள். நான் ஒருவனுடைய கையைத் திருகிவிட்டேன். பிடிக்கிற பழக்கம் போகவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

இன்று மூன்று வண்டி. முதல் ரெண்டும் நிற்காமல் போயின.

மூன்றாவது ரஞ்சன்குடி வண்டி. ஜானகியின் பக்கத்து வீட்டுக்காரர், கையும் காலும் கட்டிய மகளோடு. பதினேழு வயது இருக்கும். ஜானகியைப் பார்த்ததும் அவர் சாட்டையை ஓங்கினார். அவள் கன்னத்தில் பட்டுத் தோல் கிழிந்தது. நான் நுகத்தடியைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கும் ரெண்டு அடி. அவர் மடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். ஆண்டவரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். "எழுத்து பொய் சொல்லுமா? அமிர்தலிங்கம் சொகமாத்தான் வந்தான். இவதான் கொன்னா."

"அத எழுதினவ நான்தாங்க" என்றேன்.

நம்பவில்லை. கீழே குந்தி, கரிக்கட்டியால் சாலைக் கல்லின் மேல் அதே வரியை எழுதினேன். சுகமாக வீடு திரும்பினார். அவர் இறங்கி வந்து சீட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ, எழுத்தின் சாயல் தெரிந்தது.

"அவரு முதுகு ஒடஞ்சுதாங்க போனாரு. ஒடஞ்சது என் கைக்கு அடியில. செத்துடுவாருன்னு தெரிஞ்சுதான் சொகம்னு எழுதினேன், ஊருக்குள்ள விடணுமேன்னு. ஜானகி மேல ஒரு தப்பும் இல்ல. எந் தம்பிக்கும் இதேதான் எழுதினேன். அவனப் பொதச்சாச்சு."

வண்டிக்குள் அந்தப் பெண் ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். அவர் சாட்டையை வண்டியில் போட்டுவிட்டு ஜானகியின் முன்னால் போய் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கன்னத்து ரத்தத்துக்குக் கொடுத்தார்.

வண்டியைத் திருப்பினார். வெயில் தாழ்ந்து போகலாம் என்று சொல்லி மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். ஜானகி அந்தப் பெண்ணின் கட்டுகளை அவிழ்த்து ரெண்டு இட்டிலி ஊட்டினாள்.